இரண்டு டிக்கெட் எடுத்தால் நடுவூரில் விசா வேண்டுமா?

களியக்காவிளையில் விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பது என் தொழில். வழியில் விமானம் மாறும் ஊரைத்தான் நடுவூர் என்கிறேன். "நாலு மணி நேரம்தானே அண்ணே அங்க இருக்கப்போறேன், அதுக்குமா விசா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நேரத்தை விடுங்கள். உங்கள் பெட்டி எந்த ஊரில் இறங்குகிறது என்று பாருங்கள்.

இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்றால், திருவனந்தபுரத்தில் போட்ட பெட்டி பொதுவாகக் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸும் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். மலிவு என்று தனித்தனியாக எடுத்தால், முதல் கம்பெனிக்கு உங்கள் இரண்டாவது பயணத்தோடு சம்பந்தமே இல்லை. பெட்டியைப் பெரும்பாலும் நடுவூரில் இறக்கிவிடுவார்கள். அதை எடுக்க இமிக்ரேஷன் தாண்ட வேண்டும். தாண்டினால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாயிற்று, அந்த நாட்டு விதிப்படி விசா வேண்டும்.

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் மாட்டுவது ஷார்ஜாவில். ஷார்ஜாவுக்கு ஒரு டிக்கெட், துபாயிலிருந்து இன்னொன்று. இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், ரோட்டில்தான் போக வேண்டும். கைப்பை மட்டும் இருந்தாலும் அமீரக விசா இல்லாமல் வெளியே வர முடியாது. அங்கே 48 மணி நேர டிரான்சிட் விசா இலவசம், 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். ஆனால் அமீரக விமானக் கம்பெனி மூலமாக, புறப்படும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

ஒரே விமான நிலையம் என்றாலும் டெர்மினலைப் பாருங்கள். திருவனந்தபுரத்திலேயே உள்நாட்டு டெர்மினல் சங்குமுகத்தில், வெளிநாட்டு டெர்மினல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் சாக்கையில். கோலாலம்பூரிலும் டெர்மினல் 1, 2 தனித்தனி. மாற வேண்டுமானால் மலேசியாவுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். இந்தியர்களுக்கு அங்கே 2026 டிசம்பர் 31 வரை விசா வேண்டாம், ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

அமெரிக்கா வழியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. ஒரே டிக்கெட்டானாலும் எல்லோரும் இமிக்ரேஷன் தாண்ட வேண்டும். சி-1 என்ற டிரான்சிட் விசாவோ விசிட் விசாவோ இல்லாமல் முடியாது.

சரி, யாரிடம் கேட்பது? கவுண்டரில் இருப்பவர் 'டிமாட்டிக்' என்ற விசா விதித்தொகுப்பைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அதனால் பணம் கட்டும் முன் இரண்டு கம்பெனிகளுக்கும் போன் போடுங்கள். பெட்டி நேராகப் போகுமா, இல்லையென்றால் இமிக்ரேஷன் தாண்டாமல் உள்ளேயே பெட்டியை மாற்றிவிட டிரான்ஸ்ஃபர் கவுண்டர் உண்டா, இந்த இரண்டைக் கேட்டால் போதும். பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் "போகும் சார்" என்று சொன்னவர் கவுண்டரில் நிற்கமாட்டார்.

அப்புறம், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி காத்திருக்காது. 'வரவில்லை' என்று குறித்துவிடுவார்கள். அதே புக்கிங்கில் திரும்பும் டிக்கெட் இருந்தால் பெரும்பாலும் அதுவும் போய்விடும். எட்டு மணி நேரமாவது இடைவெளி இல்லாமல் நான் போட்டுக்கொடுப்பதில்லை.