குசினிப் படங்களுக்கும் ஒரு கொப்பி: வீட்டு நினைவுகளைச் சேர்க்கும் முறை

எங்கள் வீட்டில் கலியாண அல்பம் மூன்று, சாமத்திய வீட்டு அல்பம் இரண்டு இருக்கின்றன. அம்மம்மா திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிய படம் ஒன்றுகூட இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் நடந்த வேலை அது. நாளைக்கும் நடக்கும்தானே என்று ஒருவரும் கமெராவைத் தூக்கவில்லை.

தேவையானவை ஒரு போன், ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி), ஒரு பென்சில். அவ்வளவுதான்.

படி 1: எடுப்பது

ஒரு கிழமைக்கு நாளுக்கு ஒரு வேலையை மட்டும் எடுங்கள். பாண் வெட்டுவது, உடுப்புக் காயப்போடுவது, அப்பா பேப்பர் வாசிப்பது என எதுவும் சரி. "இஞ்ச பாருங்கோ" என்று கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் கை நின்றுவிடும், முகம் அடையாள அட்டைப் படம் மாதிரி ஆகிவிடும். ஃபிளாஷை நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் ஆளின் பக்கவாட்டில் விழட்டும். அவர் நிலத்தில் இருந்தால் நீங்களும் இருங்கள். முழு அறை, ஆள், கை என்று மூன்று எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள்.

படி 2: அன்றிரவே எழுதுவது

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். ஐந்து வரி போதும். படத்தில் தெரிவதைத் திரும்ப எழுதாதீர்கள், தெரியாததை எழுதுங்கள். என் கொப்பியில் இப்படி இருக்கிறது:

"ஞாயிறு, காலை 7 மணி. அம்மா சொதிக்குப் பால் பிழிகிறா. கடற்கரைப் பக்கம் ரயில் போகுது, ஜன்னல் கண்ணாடி அதிருது. 'முதல் பாலைக் கடைசியிலதான் விடோணும், கொதிக்க விட்டா திரைஞ்சு போகும்' எண்டா."

அந்தப் பேச்சைத் திருத்தி எழுதியிருந்தால் அது அம்மாவின் குரலாக இருக்காது.

படி 3: பழைய படங்கள்

பெயர் எழுதும்போது "சித்தி" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எனக்குச் சித்தி, என் மகளுக்கு அம்மம்மா முறை. அவள் பிள்ளைகள் பார்க்கும்போது யாருடைய சித்தி என்று ஆர் சொல்லுவார்? முழுப்பெயர், ஊர், தெரிந்தால் வருடம். பெயர் தெரியாவிட்டால் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு மூத்தவரிடம் போங்கள். நான் கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவிடம் போய், போனில் குரல் பதிவைப் போட்டுவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பெயர் கேட்கப் போனால் கதையும் வரும்.

படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனை முன்பக்கம் வரை தடம் பதிக்கும். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான தாள் என்றால் படத்தை ஒரு உறையில் போட்டு உறையில் எழுதலாம்.

பசைத்தாள் அல்பங்களில் படம் ஒட்டிப் பிடித்திருந்தால் இழுக்கவே வேண்டாம். பல் இடுக்கில் விடும் நூலை அடியில் மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பக்கத்தோடு சேர்த்துப் படமெடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் சின்னப் படங்களுக்கு ஸ்கேனரின் நுணுக்க அளவை 600 டிபிஐ என்று வையுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், அல்பத்தை வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள்.

படி 4: பிரதிகள்

என் பழைய போன் மழையில் நனைந்து செத்தபோது ஒன்றரை வருடப் படங்கள் அதோடு போயின. அதற்குப் பிறகு மூன்று பிரதி: போனில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வெளிநாட்டு மச்சாளிடம் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரை 2025-03-09-அம்மா-சொதி என்ற மாதிரி வைத்தால் தேதி வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும்.

அப்புறம், மாதம் நாலு படத்தையாவது பிரின்ட் போட்டுக் கொப்பியில் வையுங்கள். செலோடேப் மஞ்சளாகிக் கறை விடும், மூலைக்கு மூலை கடதாசி மடிப்புச் செய்து செருகலாம். எதிர்ப்பக்கத்தில் எழுத்து.

அம்மா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "இந்தப் பழைய ஹவுஸ்கோட்டோடதான் எடுக்கக் கிடைச்சுதோ உனக்கு?" அதையும் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.