தடுப்பூசி இழப்பீட்டு வழக்கு: வக்கீல் பில் வெட்டுப்படுவது இப்படித்தான்

அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கட்டண மனு, அதாவது வழக்குக்கான வக்கீல் கட்டணத்தைக் கேட்டுப் போடும் மனு, தயாரிப்பது என் வேலை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரின் மனுக்களைப் போன வாரம் சரிபார்த்தேன். சேர்ந்த புதிதில் நான் அடித்த அதே கூத்து. கூட்டல் தப்பு, தேதி தப்பையெல்லாம் விடுங்கள், அதை யாராவது பிடித்துவிடுவார்கள். பணத்தையே காலி செய்கிற தப்புகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 1986-இல் வந்த சட்டப்படி, தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர் வக்கீலுக்குத் தன் கையிலிருந்து கட்டணம் தருவதில்லை. தடுக்கப்படும் ஒவ்வொரு நோய்க்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி, அதில் சேரும் நிதியிலிருந்து வக்கீலுக்குப் பணம் வரும். ஜெயித்தால் கட்டாயம் உண்டு. தோற்றாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட வழக்கு என்றால் ஸ்பெஷல் மாஸ்டர் (இந்த வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு சொல்பவர்) தரலாம். இந்தத் 'தரலாம்' என்பதைப் பலர் 'தருவார்' என்று படிக்கிறார்கள்.

அட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தாக்கல் செய்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வழக்குப் போட, முதல் அறிகுறி தெரிந்து மூன்று வருடம்தான் கெடு. அது முடிய எட்டு நாள் இருக்கும்போது ஒரு அம்மா போன் செய்தார், ஃப்ளூ ஊசி போட்டதிலிருந்து தோளைத் தூக்க முடியவில்லை என்று. கையில் இருந்தது ஊசி போட்ட அட்டை மட்டும். தாக்கல் செய்துவிட்டோம். அதுகூடப் பரவாயில்லை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் பதிவேடு கேட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மாதக்கணக்கில் கழித்து வந்து சேர்ந்ததைப் பிரித்தால், ஊசிக்கு இரண்டு மாதம் முன்பே அதே தோளில் அதே வலி என்று எலும்பு டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, மறந்துபோயிருந்தார். நாங்களோ, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று ஒரு நிபுணரையும் அமர்த்தி அறிக்கை வாங்கினோம். வழக்கு தோற்றது, கட்டணமும் வரவில்லை, நிபுணருக்கு அலுவலகம்தான் கைப்பணத்தைக் கொடுத்தது.

"கெடு நெருங்கிவிட்டதே, வேறென்ன செய்ய முடியும்?" என்று அன்று நானும் கேட்டேன். 2017-இல் ஃபெடரல் சர்க்யூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கெடு நெருங்கியது என்பது நியாயமான அடிப்படை ஆகாது, கோரிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மலைபோல ஆதாரம் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துளியளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும் என்று 2020-இல் அதே நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் எழுதித் தரும் சத்தியப் பிரமாணத்தையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது என்று அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. அப்படியென்றால் அந்த எட்டு நாளில் விவரமாக ஒரு பிரமாணம் வாங்கியிருக்கலாம், ஊசி போடுவதற்கு முன்னால் தோள் எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், கெடு தாண்டிப் போட்ட வழக்குக்குக்கூட நல்லெண்ணமும் நியாயமான அடிப்படையும் இருந்தால் கட்டணம் கிடைக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் சொல்லியிருக்கிறது (கட்சிக்காரருக்கு இழப்பீடு போய்விடும், அது வேறு).

இன்னொன்று, தாக்கல் செய்தபோது இருந்த அடிப்படை நடுவழியில் காணாமல் போகலாம். டாக்டர் குறிப்பு எதிராக வந்த அன்றைக்கே கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகு ஓடுகிற ஒவ்வொரு மணியும் உங்கள் சொந்தச் செலவாக ஆகலாம்.

எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவது

"பதிவேடு படித்தேன், போன் பேசினேன், வரைவு எழுதினேன்: 4.2 மணி." இதில் எது எவ்வளவு நேரம்? ஸ்பெஷல் மாஸ்டருக்குப் புரியாது, வெட்டுவார். அரசுத் தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் அவராகவே வெட்டலாம். ஆறு ஆறு நிமிடமாக, வேலை முடிந்த கையோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து யோசித்து எழுதிய டைம்ஷீட்டை எனக்கே அடையாளம் தெரிகிறது, எல்லாம் அரை மணி, ஒரு மணி என்று முழுசு முழுசாக இருக்கும்.

காகிதங்களை ஸ்கேன் செய்ததற்கு வக்கீல் ரேட்

கிடைக்காது.

பயண நேரத்துக்கு முழு ரேட்

பெரும்பாலும் பாதிதான் தருவார்கள்.

வெட்டுப்பட்ட தொகையைக் கட்சிக்காரரிடம் கேட்பது

சட்டம் தடுக்கிறது. ஐந்து டாலர்கூடக் கேட்கக் கூடாது.

180 நாள்

கட்டண மனு போட இதுதான் கெடு. தீர்ப்பு பதிவான நாளிலிருந்து எண்ண வேண்டும். போன வாரம் பார்த்த மனுக்களில் ஒன்றுக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள்.