பேக்கன்-ஷோர் குறியீட்டை டிகோட் செய்வது எப்படி?

பேக்கன்-ஷோர் என்பது குவாண்டம் பிழைதிருத்தக் குறியீடு. அதை டிகோட் செய்வது என்றால், அளவீட்டு விடைகளை வைத்துப் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது. சப்சிஸ்டம் குறியீடுகளை (தகவலைச் சுமக்காத, கலைந்தாலும் பரவாயில்லாத பகுதியும் உள்ளவை) பழக ஒன்பது க்யூபிட் (குவாண்டம் பிட்) பேக்கன்-ஷோர்தான் நல்ல தொடக்கம். பீட்டர் ஷோர் 1995-இல் தந்த குறியீட்டை டேவ் பேக்கன் 2006-இல் இப்படி மாற்றிப் பார்த்தார். ஸ்டெபிலைசர் (தகவலைக் கலைக்காமல் பிழையைக் காட்டும் அளவீடு) பற்றித் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

க்யூபிட்டுகளை 3×3 கட்டமாக அடுக்குங்கள். குறுக்கே அடுத்தடுத்து உள்ள ஜோடிகளுக்கு இசட்-இசட் (இரண்டின் இசட் மதிப்பும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பது), மேலும் கீழுமான ஜோடிகளுக்கு அதேபோல எக்ஸ்-எக்ஸ். மொத்தம் 12 கேஜ் அளவீடுகள் (உள்ளே இருக்கும் தகவலைத் தொடாதவை), ஒவ்வொன்றுக்கும் இரண்டே க்யூபிட்.

அடுத்த படிதான் என்னை இரண்டு வாரம் நிறுத்திவைத்தது. அந்த 12 விடைகளையும் அப்படியே டிகோடருக்கு (பிழையைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு) கொடுத்தேன். பிழையே வைக்காத சுற்றிலும் விடைகள் மாறிக்கொண்டே இருந்தன. காரணம், எக்ஸ்-எக்ஸும் இசட்-இசட்டும் ஒன்றையொன்று கலைக்கும். தனித்தனி விடை தற்செயலானது. முதல் இரண்டு நெடுவரிசைகளுக்கு இடையே மூன்று இசட்-இசட் விடைகள் 1, 0, 1 என்று வந்தால் கூட்டல் இரட்டைப்படை. அடுத்த சுற்றில் 0, 1, 1 வரலாம், அப்போதும் இரட்டைப்படைதான். 1, 1, 1 போல ஒற்றைப்படை வந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது. அந்த ஒற்றை-இரட்டைதான் ஆறு க்யூபிட் ஸ்டெபிலைசரின் விடை. டிகோடருக்கு இது மட்டும் போதும்.

எக்ஸ் பிழைக்கு (0, 1 இடம் மாறுவது) இப்படி இரண்டு விடைகள் கிடைக்கும்: முதல் இரண்டு நெடுவரிசைகளுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. முதலாவது மட்டும் மாறினால் முதல் நெடுவரிசையில் பிழை, இரண்டும் மாறினால் நடுவில், இரண்டாவது மட்டும் மாறினால் கடைசியில். அந்த நெடுவரிசையில் எந்த க்யூபிட்டைத் திருத்தினாலும் சரி! வித்தியாசம் வெறும் எக்ஸ்-எக்ஸ் கேஜ்தான். உள்ளே இருக்கும் தகவலுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு இந்தக் குறியீடு பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். இசட் பிழைக்கு (ஃபேஸ் மாறுவது) எக்ஸ்-எக்ஸ் விடைகளை வைத்து இதையே வரிசைகளில் செய்யுங்கள்.

அளவீட்டிலும் பிழை வரும் என்பதால் பல சுற்றுகள் ஓட்டி, அடுத்தடுத்த சுற்றுகளை ஒப்பிட வேண்டும். இதற்கு நான் ஸ்டிம் (குவாண்டம் சுற்று சிமுலேட்டர்), பைமேட்சிங் (டிகோடர்) இரண்டையும்தான் சொல்வேன். சொந்தமாக சிமுலேட்டர் எழுதி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஸ்டிம்மில் எம்பிபி கட்டளை ஜோடியை நேரடியாக அளந்துவிடும். டிடெக்டர் என்பது பிழை இல்லாவிட்டால் ஒற்றை-இரட்டை மாறவே கூடாத விடைகளின் தொகுப்பு. ஒரு டிடெக்டருக்கு இந்தச் சுற்றின் மூன்று விடைகள், போன சுற்றின் மூன்று விடைகள், ஆக ஆறு. எல்லா க்யூபிட்டும் பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் சுற்றில் எக்ஸ்-எக்ஸ் விடைகளுக்கு டிடெக்டர் வைக்கக் கூடாது. வைத்தால் டிடெக்டர் நிச்சயமற்றது என்று ஸ்டிம் நிறுத்திவிடும்.

பிற்சேர்க்கை: விடைகளைச் சரியாகக் கூட்டியும் அதே பிழைச்செய்தி வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய நிரலில் இசட்-இசட் அளவீடுகளுக்கு நடுவே எக்ஸ்-எக்ஸ் புகுந்திருந்தது. ஒரு வகையை மொத்தமாக முடித்த அப்புறம் மற்றதைத் தொடங்குங்கள்.