கொழும்பின் ஈரநிலங்களில் வலசைப் பருவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் குளிர்காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு விடியற்காலையில் ஒரு மெல்லிய குளிர் இருக்கும். எட்டு மணியானதும் அதுவும் போய்விடும். ஆனால் வடக்கே பனி இறங்கும்போது அங்கிருந்து புறப்படும் பறவைகளுக்கு, மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்முனையில் இருக்கும் இலங்கைதான் குளிர்கால வீடு. அவை ஆகஸ்ட் இறுதியிலிருந்து வரத் தொடங்கி ஏப்ரல் வரை தங்குகின்றன. வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ இருப்பவர்கள் இவற்றைக் காண யால வரை போக வேண்டியதில்லை. பெல்லன்வில–அத்திடிய சரணாலயம், பெத்தகான, தலவத்துகொடையின் தியசரு பூங்கா, தலங்கம குளம் எல்லாமே ஒரு முச்சக்கர வண்டிப் பயணத்தில் எட்டிவிடும் இடங்கள்.

2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சார் சமவாயம் முதன்முதலாக ஈரநில நகரங்களை அங்கீகரித்தபோது அந்தப் பதினெட்டு நகரங்களில் கொழும்பும் ஒன்றாக இருந்தது. அதன் பின் பார்வையாளர்கள் பெருகியது நல்லதே. ஆனால் சதுப்பு நிலத்தை விகாரமகாதேவிப் பூங்காவைப் போல நடத்தும் பழக்கமும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் செய்யப்படுபவை அல்ல. ஆர்வத்தாலும் அன்பாலும் செய்யப்படுபவையே.

முதலாவது, நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, “ஒன்றுமே இல்லையே” என்று திரும்புபவர்கள் பலர். சனவரியில் சூரியன் ஏறக்குறைய ஆறரைக்கு முன்னதாக உதிக்கிறது. அதற்கடுத்த இரண்டு மணி நேரமும், மாலை நான்கரைக்குப் பிந்திய பொழுதும்தான் பறவைகள் இரை தேடும் வேளைகள்.

இதைவிடப் பாரதூரமானது, நல்ல படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக அருகே போவது. சேற்றில் இரை தேடும் உள்ளானை நெருங்கினால் அது முதலில் தலையை உயர்த்தும், பின்னுடலை மேலும் கீழும் ஆட்டும், அதன் பிறகே பறக்கும். தலை உயர்ந்த கணத்திலேயே நாம் நின்றுவிட வேண்டும். அது பறந்து போய் வேறிடத்தில் இறங்கினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் திரும்பும் பயணத்துக்குத் தேவையான கொழுப்பை அது இந்தச் சில மாதங்களில் உடலில் சேர்த்தாக வேண்டும், ஒவ்வொரு வீண் பறப்பும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் கழிகிறது. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைப்பதும் இதே வகைத் தவறாகும். குறிப்பாக ஆறுமணிக் குருவி இங்கு தங்கும் மாதங்களில் தனக்கென ஒரு சிறு எல்லையை வைத்துக் காக்கிறது. நாம் ஒலிக்கவிடும் குரலை எதிரியின் குரல் என்று எண்ணி, இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது.

அந்தக் குருவியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவு வேளையில் பறந்து வரும் ஆறுமணிக் குருவிகள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுவதும் கண்ணாடிச் சன்னல்களில் மோதுவதும் கொழும்பில் வழக்கமான செய்தி. வண்ணமயமான அந்தப் பறவையைக் கண்டதும் கூட்டில் அடைத்துச் சோறும் பழமும் வைப்பார்கள். அதன் உணவு புழுபூச்சிகளே. சோற்றை அது தொடாது. காற்றோட்டத்துக்குச் சில துளைகளிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் ஓய்வெடுக்க விட்டு, பூனை இல்லாத, செடிகள் அடர்ந்த தோட்டமொன்றில் பகல் வெளிச்சத்தில் விட்டுவிட்டால் போதும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிறகு முறிந்திருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

பேரை வாவியோரத்தில் பாண் துண்டுகளை எறிவது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியான விளையாட்டுத்தான். ஆயினும் ஏற்கெனவே பாசி பிடித்துப் பச்சையாகிப்போன நீரில் ஊறும் பாண் அதை மேலும் கெடுக்கிறது; கூடவே காகங்களையும் கூட்டுகிறது. நமது நகரத்தில் காகங்களுக்கு உணவுப் பஞ்சம் ஒருபோதும் இருந்ததில்லை. தூண்டில்காரர்கள் அறுத்துவிடும் தங்கூசி நூல் அதைவிடக் கொடியது. நாணலில் சிக்கிய ஒரு முழ நீளத் தங்கூசி, கண்ணுக்குத் தெரியாத சுருக்காகக் கொக்கின் காலை இறுக்கிவிடும். கண்டால் சுருட்டி எடுத்து வரலாம்.

இனி, நிறுவனங்களும் பாடசாலைகளும் செய்யும் தவறு. மரம் நடுவது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தில், மழை முடிந்த ஈரத்தைப் பயன்படுத்திச் சதுப்பின் திறந்த புல்வெளியில் கன்றுகளை நடுகிறார்கள். உள்ளான்களும் மூக்கான்களும் நாற்புறமும் பார்வை தெரியும் திறந்த சேற்றிலேயே இறங்கும்; அங்கே மரம் வளர்ந்தால் காகங்களுக்கும் வேட்டைப் பறவைகளுக்கும் இருக்கை கிடைக்கிறது, வலசை வந்தவற்றுக்கு இடம் பறிபோகிறது. உவர்நீர்க் கரைகளில் வளரும் கண்டல் மரங்களை நடுவதற்கும் இது பொருந்தும். சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 தளங்களை ஆராய்ந்தபோது, 9 தளங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை; நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியது. மண்ணின் உப்பும் நீர்மட்டமும் பார்க்காமல் நட்டதும், நட்ட பின் எவரும் கவனிக்காமல் விட்டதுமே காரணங்கள். கன்றுகளோடு எடுக்கப்பட்ட படங்களுக்கு மட்டும் குறைவிருந்திராது.

துப்புரவு என்ற பெயரில் நாணலை வெட்டி வெளியாக்குவதும் இதைப் போன்றதே. கண்ணுக்கு அது பற்றைக்காடு. நீலத் தாழைக்கோழிக்கும், இந்த நகரத்தின் நடுவிலேயே இன்னும் வாழும் மீன்பிடிப் பூனைக்கும் அது மறைவிடம். ஆகாயத்தாமரையை அகற்றுவது மட்டும் வேறு. 1905 இல் அழகுச் செடியாக இங்கு கொண்டுவரப்பட்ட அதற்கு எதிராக 1909 இலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் இழுத்தெடுத்த செடிகளைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், அடுத்த மழையில் அவை சரிந்து மீண்டும் நீரில் இறங்கித் தழைக்கும்; அவற்றை நீரோட்டம் எட்டாத தூரத்தில் கொட்ட வேண்டும். வீடு மாறும்போது தொட்டி மீன்களைப் பாவம் பார்த்துக் கால்வாயில் விடுபவர்களும் உண்டு. இப்படிச் சேர்ந்த டாங்க் கிளீனர் மீனும் கத்தி மீனும் இப்போது நமது நீர்நிலைகளில் பெருகி, சொந்த மீன்களை நெருக்குகின்றன.

பார்வையாளரின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவதே முதன்மையான தவறு. மழைக்குப் பிந்திய இந்த மாதங்களில் எலிக்காய்ச்சல் அபாயம் அதிகம், காலில் சிறு கீறல் இருந்தாலே போதும். புல்வரம்புகளில் கண்ணாடி விரியன் இருக்கக்கூடும் என்பதால் பாதையை விட்டு விலகக் கூடாது. தியவன்னா, பொல்கொடை நீர்நிலைகளில் முதலைகள் உண்டு. நீரோரத்தில் குந்தியிருந்து படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டும். நீரோரத்தில் வாழும் பெரிய உடும்பான கபரகொய்யாவுக்கு அஞ்சத் தேவையில்லை, சீண்டாமல் விட்டால் அது தன் வழியில் போய்விடும். நுளம்புக்கு நீளக்கைச் சட்டை உதவும்.

ஒவ்வொரு சனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987 இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் அனுபவமுள்ளவர்களுடன் ஆர்வலர்களும் சேரலாம். புதிதாகச் சேர்பவர்கள் ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணிவிடுவதும், உறுதியாகத் தெரியாத உள்ளானுக்கு ஊகத்தில் ஒரு பெயரை எழுதிவிடுவதும் சாதாரணம். ‘இனம் தெரியாத உள்ளான், 14’ என்று எழுதுவது தவறான பெயரைவிடப் பயனுள்ள பதிவாகும். ஒரு குளத்தில் பறவையே இல்லாவிட்டால் தாளை வெறுமையாக விடாமல் பூச்சியம் என்று எழுத வேண்டும். எவரும் போய்ப் பார்க்கவில்லை என்பதையும், போய்ப் பார்த்தும் ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் பின்னால் பிரித்தறிய வேறு வழியில்லை.