ஃபியூஸ் மாற்றினால் தீருமா?

ஐப்பசி அடைமழையில் ஓர் இடி விழுந்தால் போதும். மறுநாள் திருத்துறைப்பூண்டியில் என் கடை மேசை டிவி போர்டுகளாலும் செட்டாப் பாக்ஸ் அடாப்டர்களாலும் நிறைந்துவிடும். அவற்றில் பாதி ஏற்கெனவே இன்னொருவர் கைபட்டு வந்தவை. மின்னல் செய்த சேதத்தை விட அவசரக் கை செய்த சேதமே என் நேரத்தை அதிகம் தின்கிறது.

முதல் தவறு, போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பது. டிவிக்கும் அடாப்டருக்கும் உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபியூஸ் சும்மா போவது அரிது. கண்ணாடிக் குழாய் கருத்தோ, உள்ளே வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பின்னால் முழு ஷார்ட் இருக்கிறது. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடுகள், ஸ்விட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட்டின் டிரெய்ன், சோர்ஸ் கால்கள், மிகை வோல்ட்டேஜைத் தடுக்க ஃபியூஸை ஒட்டி நிற்கும் வட்ட வாரிஸ்டர் ஆகியவற்றை மீட்டரால் பார்க்காமல் மின்சாரம் கொடுத்தால், போர்டில் செம்புத் தடமே எரிந்து எழும்பும்.

சரிபார்த்த பிறகும் நேராக பிளக்கில் செருகக் கூடாது. பழைய இழை பல்பு, 60 அல்லது 100 வாட், ஒன்றை ஃபேஸ் கம்பியில் தொடராக வைக்க வேண்டும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நிம்மதி. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. இந்த வேலைக்கு எல்இடி பல்பு உதவாது. இழை பல்பு இப்போது தேடினால்தான் கிடைக்கிறது. கிடைத்தால் நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு விளையாடும் தவறு பெரிய கெபாசிட்டரில் இருக்கிறது. 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறி அங்கே ஏறத்தாழ 325 வோல்ட்டாக நிற்கும். நல்ல போர்டு பிளக்கைப் பிடுங்கியதும் அதைச் செலவழித்துவிடும். ஓடாத போர்டில் அதை இழுக்க ஆளில்லை. நெடுநேரம் அப்படியே காத்திருக்கும். அதாவது செத்த போர்டுதான் ஆளை அடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரு கால்களையும் தொட்டுப் பொறி பறக்க விடுவது வீரம் அல்ல. 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட பிடியோடு சில விநாடி வைத்து, பிறகு மீட்டரால் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது கிரவுண்டு குழப்பம். ஆற்றுக்கு இரு கரை போல இந்தப் போர்டுக்கும் இரு பக்கம் உண்டு. மெயின் பக்கத்துக் கிரவுண்டு வேறு, வெளியீட்டுப் பக்கத்துக் கிரவுண்டு வேறு. மீட்டரின் கறுப்பு முனையை எதிர்க்கரையில் வைத்துவிட்டு, "வோல்ட்டேஜ் வரவில்லை" என்று நல்ல ஐசியைக் கழற்றி எறிந்தவர்கள் பலர். நானும் எறிந்திருக்கிறேன். அலைக்காட்டியின் (ஆஸிலோஸ்கோப்) கிளிப்பை, மெயின் லைனிலிருந்து பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின் பக்கத்தில் மாட்டினால் பேச்சுக்கு இடமே இருக்காது, வெடிதான். இரு கரைக்கும் குறுக்கே நிற்கும் நீல வட்ட கெபாசிட்டரை மாற்ற நேர்ந்தால் இந்தப் பாதுகாப்புக்கென்றே செய்த ஒய் வகைதான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த சாதாரண செராமிக் அங்கே ஷார்ட் ஆனால், செட்டாப் பாக்ஸின் உலோக முனை வரை மின்சாரம் வந்துவிடும்.

மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வேகத்தில் போகும். அது சாகும்போது சோர்ஸ் காலில் உள்ள குறைந்த ஓம் ரெசிஸ்டரையும் கேட் ரெசிஸ்டரையும், பல நேரம் கட்டுப்பாட்டு ஐசியையும் கூட்டிக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் பாருங்கள்.

வீங்காத கெபாசிட்டர் நல்லது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். ஐசிக்குச் சோறு போடும் சின்ன கெபாசிட்டர், பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே காய்ந்திருக்கும். போர்டு "டிக், டிக்" என்று எழ முயன்று விழுந்தால் அங்கிருந்தும் தொடங்கலாம். மாற்றும்போது 105 டிகிரி வெப்பம் தாங்கும், குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகை போடுங்கள்.

வெளியீட்டு வோல்ட்டேஜின் நிலையை ஒளி வழியாக மெயின் பக்கத்துக்குச் சொல்லும் ஆப்டோகப்ளரைக் கழற்றிவிட்டு "ஓடுகிறதா பார்ப்போம்" என்பது வேண்டவே வேண்டாம். கட்டுப்படுத்தும் செய்தி அறுந்ததும் 12 வோல்ட் தறிகெட்டு ஏறி மதர்போர்டையும் முடித்துவிடும்.

வேதாரண்யம் பக்கமிருந்து வரும் போர்டுகளில் உப்புக் காற்று படிந்திருக்கும். பாகங்களை ஒட்டிய பசை பழுப்பேறினால் அதுவே மின்சாரம் கடத்தத் தொடங்கும். சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் மீட்டரை எடுக்கிறேன்.

கடைசித் தவறு என்னுடையது. ஒரே டிவி இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வெடித்த வாரிஸ்டர், உப்பிய 400 வோல்ட் கெபாசிட்டர். மாற்றி மாற்றி அனுப்பினேன். நான்காம் முறை அந்த வீட்டுக்கே போனேன். மூன்று ஃபேஸ் வீடு. பிளக்கில் மீட்டர் 270 காட்டியது. கொல்லையில் மோட்டாரைப் போடச் சொன்னேன், 310 தாண்டியது. மெயின் போர்டைத் திறந்தால் நியூட்ரல் திருகு களிம்பேறித் தளர்ந்து கிடந்தது. அது தளர்ந்தால் ஒரு ஃபேஸில் சுமை ஏறும்போது இன்னொரு ஃபேஸில் வோல்ட்டேஜ் எகிறும். வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மோட்டார் போட்டால்தான் டிவி போகிறது என்று முதல் நாளே சொன்னேனே, தம்பி."