பெரிய பை கைக்கு எட்டாத நேரங்கள்: எந்த ஊருக்கு எதை எடுத்துப் போவது?

இராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடி முடித்த என் அம்மா, ஈரப் புடவையோடு அரைமணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றார். மாற்றுப் புடவை லாட்ஜ் அறையில் இருந்தது. ஈரத் துணியோடு சுவாமி சன்னதிக்குப் போக முடியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் அவருக்கு உதடு வெளுத்துவிட்டது. அன்றோடு பெட்டி கட்டும் முறையை மாற்றிக்கொண்டேன்.

1. முதலில் துணியைத் தொடாதீர்கள்

ஒரு தாள் எடுத்து, வீட்டுக் கதவைப் பூட்டுவதிலிருந்து திரும்பி வருவது வரை நேரவாரியாக எழுதுங்கள். அதில் பெரிய பை உங்கள் கைக்கு எட்டாத நேரங்களை வட்டமிடுங்கள். பஸ் டிக்கியில் பை கிடக்கும் நேரம், விமானத்தில் செக்-இன் செய்துவிட்ட நேரம், கோயிலுக்குள் இருக்கும் நேரம், கல்யாண மண்டபத்தில் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத நேரம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சின்னப் பை. மிச்சமெல்லாம் பெரிய பைக்குள் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

2. சின்னப் பையைக் கட்டும் வரிசை

நான் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இராமேசுவரத்தையே எடுத்துக்கொள்வோம். அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், பிறகு கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போய் வாளித் தண்ணீர். கடைசிக் கிணறு வரும்போது தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருப்பீர்கள். உடை மாற்றும் இடத்தில் நெரிசல் இருக்கும். அங்கே நின்று பையைக் கிளற முடியாது.

அதனால் கடைசியில் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே. அடியில் பணமும் அறைச் சாவியும் ஒரு ஜிப் கவரில். அதன்மேல் புடவை. ஜாக்கெட், உள்பாவாடை, உள்ளாடை எல்லாவற்றையும் அந்தப் புடவை மடிப்புக்குள்ளேயே வைத்து ஒரே கட்டாகச் சுருட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே துண்டு. துண்டு அடியில் இருந்தால், ஈரக் கையால் அதைத் தேடும்போதே காய்ந்த துணியெல்லாம் நனைந்துவிடும். ஓரமாக ஒரு காலிப் பை, ஈரத் துணியைப் போட.

டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். கனம், சீக்கிரம் காயாது. ஈரிழைத் துண்டு ஒன்றே போதும். நீராடும்போது ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் கால் எடுத்து வைப்பதே பாடு. பைக்கு, படகில் போகிறவர்கள் வைத்திருக்கும் ட்ரை பேக் வாங்கிக்கொள்ளுங்கள். வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டினால் தண்ணீர் இறங்காது. 10 லிட்டர் அளவு இரண்டு பேருக்குத் தாராளம். செல்போனை அறையிலேயே விட்டுவிடுங்கள், கோயிலுக்குள் அனுமதி இல்லை.

3. மலைக்குப் போகும்போது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறவருக்கு, குன்னூர் தாண்டுவதற்குள் குளிர் பிடித்துவிடும். அப்போது ஸ்வெட்டர் டிக்கியில் இருந்து என்ன பயன்? ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் மூன்றும் மடியில் இருக்கட்டும். கனமான ஜெர்கினைவிட உள்ளே ஒரு முழுக்கை பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர் என்று அடுக்காகப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும், வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். சொந்த வண்டியில் போனால் இ-பாஸையும் மறக்காதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

4. ரயிலில் கல்யாணத்துக்கு

ஸ்லீப்பரில் பொதுவாகப் போர்வை தரமாட்டார்கள், ஏசி பெட்டியில்தான் தருவார்கள். ஆகவே ஒரு பெட்ஷீட்டும் காற்றடிக்கும் தலையணையும் மேலாக இருக்கட்டும். நகை, முகூர்த்தப் புடவை, அதன் ஜாக்கெட் மூன்றும் தோளை விட்டு இறங்காத பையில். பட்டுப் புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பெரிய பையைக் கீழ் பெர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

5. விமானம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-ஹவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதன் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-ஹவர்தான், கவலை வேண்டாம். கொப்பரைத் தேங்காயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பற்றும் என்று நிறுத்திவிடுவார்கள். ஊறுகாய், தொக்கு எல்லாம் செக்-இன் பெட்டியில்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் இன்சுலினைப் பற்றிக் கேட்டார். நான் விட்டிருக்கக் கூடாத விஷயம் அது. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள். சரக்கு அறையின் குளிரில் உறைந்துபோனால் அதைப் பயன்படுத்த முடியாது. பஸ்ஸானாலும் ரயிலானாலும் அது சின்னப் பையில்தான். ஐஸ் பேக் வைத்தால் இன்சுலின் மேல் நேரடியாகப் படாமல் நடுவில் ஒரு கைத்துண்டைச் சுற்றுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின் நகலும், சர்க்கரை இறங்கினால் உடனே வாயில் போட நாலு குளுக்கோஸ் மாத்திரையும் அதே பையில் இருக்கட்டும்.