பென்ஷனில் வந்தாச்சு, எந்தக் கார்டை முதலில் போடுவது?

பட்டாளத்திலிருந்து பெட்டியோடு ஊர் வந்து இறங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்குள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, கேன்டீன் கார்டு எங்கே போடணும்?" நானும் வந்த புதிதில் இதையேதான் கேட்டேன். பட்டாளக் கேன்டீனில் மலிவாகப் பொருள் வாங்குவதற்கான அந்தக் கார்டு கடைசியில் போட வேண்டியது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிஸ்சார்ஜ் புக் (பணி முடிந்து வரும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகம்), பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), உங்களுடைய மற்றும் மனைவியுடைய ஆதார். பேர், பிறந்த தேதி, மனைவி பேர், பிள்ளைகள் பேர், எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று விடாதீர்கள். நம்ம ஊர் இனிஷியல் வழக்கம் வடக்கே இருக்கிற கிளார்க்குக்குப் புரியாது. ஊரில் 'கே. முருகன்' என்று இருந்தவர் பட்டாளத்தில் 'முருகன் கே' ஆகியிருப்பார், ஆதாரில் யாரோ இனிஷியலை விரித்து 'முருகன் கந்தசாமி' என்று போட்டிருப்பார்கள், வங்கிப் புத்தகத்தில் வெறும் 'முருகன்'. நாலும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என் கதையில் மனைவி பேரில் ஒரே ஒரு 'எச்' விட்டுப்போயிருந்தது. சாந்தி என்பதை ஆங்கிலத்தில் நாம் 'டி'க்குப் பின்னால் 'எச்' போட்டு எழுதுவோம், அவர்கள் போடாமல் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு எழுத்துக்காக மருத்துவ அட்டை விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது.

தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த வேண்டும் என்பது நியாயம். ஆனால் நடைமுறையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: வித்தியாசம் இனிஷியல் அளவுக்குத்தான் என்றால் ஆதாரை டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பதுபோல மாற்றிவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும். மனைவி பேரோ பிறந்த தேதியோ பி.பி.ஓ.வில் உண்மையிலேயே தப்பு என்றால், படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு செகந்திராபாத் என்று அவரவர் ரெக்கார்ட் எங்கே என்று அவரவருக்குத் தெரிந்திருக்கும். திருமணப் பதிவுச் சான்று, ஆதார் நகல், தேவைப்பட்டால் அஃபிடவிட், இவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதத்துக்குக் கொஞ்சம் கனம் கூடும். இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறவர் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாவற்றுக்கும் பார்ட் டூ ஆர்டர், அதாவது பட்டாளப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு, ஆகியிருக்கிறதா என்று இப்போதே யூனிட் கிளார்க்கிடம் உட்கார்ந்து பாருங்கள். அங்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்து முடிகிற காரியத்துக்கு வெளியே வந்த பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

பி.பி.ஓ. என்றதும் ஸ்பர்ஷ், அதாவது பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளம், ஞாபகம் வர வேண்டும். இப்போது பென்ஷன் முழுக்க அந்த இணையதளம் வழியாகத்தான். உள்ளே போக வேண்டிய எண்ணையும் கடவுச்சொல்லையும் பேரனின் போனில் மட்டும் சேமித்து வைக்காமல் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பல பேருக்கு நின்ற பிறகுதான் ஞாபகமே வருகிறது.

காகிதம் நேரானதும் முதல் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் போன்ற அதிகாரி அல்லாதவர்களுக்கு இதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுப்பார்கள். பழைய ஆட்கள் சைனிக் போர்டு என்பார்கள், அதே இடம்தான், உதவி இயக்குநர் தலைமையில் இயங்கும். அதிகாரிகளுக்கு அவரவர் படைத் தலைமையகம் தனியாகக் கார்டு தரும். டிஸ்சார்ஜ் புக் அசல், பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிப் புத்தகம், புகைப்படங்கள், மனைவியோடு சேர்ந்து எடுத்த படம் இரண்டு, எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ். டிஸ்சார்ஜ் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுங்கள், வெறும் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். அதே நாளில் அங்கேயே வேலைவாய்ப்புக்கும் பதிவு செய்துவிடுங்கள், அது தனிப் பதிவு, அடையாள அட்டை வாங்கினால் தானாக ஆகிவிடாது. வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அதில் ஓய்வு பெற்றவர்களின் உழைப்பு எதிலும் குறைந்ததில்லை, ஆனால் விதிப்படி அவர்கள் 'முன்னாள் படைவீரர்' பட்டியலில் வர மாட்டார்கள், அவர்களுக்கான கேன்டீனும் வேறு. அதேபோல 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து நாலு வருஷத்தில் வெளியே வரும் அக்னிவீரர்களுக்கு சேவா நிதி என்ற மொத்தத் தொகை உண்டு, பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் தகுதியும் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் கேன்டீனும் கிடையாது என்றுதான் திட்டத்தின் நிபந்தனை சொல்கிறது. பிள்ளையைச் சேர்க்கும் முன்னால் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

அடுத்தது இ.சி.எச்.எஸ். என்னைக் கேட்டால் எல்லாக் கார்டிலும் இதுதான் ராஜா. 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்காக ஆரம்பித்த மருத்துவத் திட்டம். ஒரே ஒரு முறை சந்தா, ஓய்வு பெறும்போதே பிடித்துவிடுவார்கள்: ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய், ஜே.சி.ஓ.க்களுக்கு (நாயப் சுபேதார், சுபேதார் போன்றவர்களுக்கு) 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் சந்தாவே இல்லை. பணம் பிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து கார்டுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் உண்டு. இணையத்தில் விண்ணப்பித்து, உங்களுக்கும் மனைவிக்கும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி கார்டு வாங்க வேண்டும். மகனுக்கு 25 வயது அல்லது சம்பாத்தியம் அல்லது கல்யாணம், எது முதலில் வருகிறதோ அதுவரை. மகளுக்கு வயது கணக்கில்லை, கல்யாணமோ வேலையோ ஆகும்வரை. அப்பா அம்மாவுக்கு மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் அவர்களையும் சேர்க்கலாம். ஊரில் நிலம் இருக்கிறதே என்று தயங்கி அம்மாவைச் சேர்க்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வருமானச் சான்றை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கார்டு இருக்கிறது என்று நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளே விட மாட்டார்கள். முதலில் இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக், அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் கொடுப்பார், அதைக் கொண்டு இ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கட்ட வேண்டாம். நெஞ்சுவலி, விபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் தகவல் கொடுப்பது அவர்கள் வேலை. பட்டியலில் இல்லாத இடம் என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும், அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். இந்த 48 மணி நேரத்தை விட்டுவிட்டு பில்லை மட்டும் வைத்துக்கொண்டு அலைவது பெரிய பாடு. பாலிகிளினிக் போன் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், ஆபத்து நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம், போன் போடப்போவது மனைவியோ மருமகளோதான்.

சரி, கேன்டீன். அதை நடத்தும் சி.எஸ்.டி. என்ற துறை 1948-லிருந்து இருக்கிறது. நீங்கள் எந்தக் கேன்டீனில் வாங்கப் போகிறீர்களோ அங்கே டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ.வும் முன்னாள் படைவீரர் அட்டையும் பார்த்துத்தான் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பார்கள், அதனால்தான் இது கடைசி என்றேன். மாத வரம்பு ரேங்க்கைப் பொறுத்தது. சோப்பும் எண்ணெயும் வாங்க ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் புரிவதில்லை, போக வர ஆகும் செலவைக் கழித்தால் பல சமயம் மிஞ்சுவது ஒன்றுமில்லை. உண்மையான லாபம் பைக், கார், ஃபிரிட்ஜ் போன்ற பெரிய பொருட்களில், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் ஏ.எஃப்.டி. வகையில் இருக்கிறது. அதற்குத் தனி இணையதளம் உண்டு, டீலரிடம் வண்டி இருப்புச் சான்று வாங்கி, பணத்தை சி.எஸ்.டி.க்குக் கட்டி வாங்க வேண்டும். டீலர் சொல்லும் வெளிவிலையையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள், பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் இரண்டும் நெருங்கி வருவதும் உண்டு. மது பாட்டிலை வாங்கி வெளியே விற்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கார்டும் போகும், கேஸும் வரும்.

வேலைக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியில் 14.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. வயதில் சர்வீஸ் ஆண்டுகளைக் கழித்து, அதற்கு மேல் 3 ஆண்டு சலுகையும் உண்டு. ஆனால் இந்த ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அதே ஒதுக்கீடு கேட்க முடியாது. சேரும்போதே "இன்னின்ன தேர்வுகளுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறேன்" என்று தேதியோடு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தேர்வுகளுக்கு மட்டும் தப்பிக்கலாம். அவசரத்தில் கிடைத்த முதல் வேலையில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நிறையப் பேர். சொந்தத் தொழில் என்றால் தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும் 30 சதவீத மூலதன மானியமும் இருக்கிறது.

பிள்ளைகள் படிப்புக்குப் பிரதமர் உதவித்தொகை: அதிகாரி அல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு, தொழிற்கல்வியில் முதல் வருஷம் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண் வேண்டும். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. இரண்டாம் வருஷத்தில் ஞாபகம் வந்து பயனில்லை. ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு மகள் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சமாகவும், பள்ளி கல்லூரிப் படிப்புக்கான மாத உதவி 1,000-லிருந்து 2,000-ஆகவும் 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு உயர்ந்திருக்கிறது. பழைய தொகையை மனதில் வைத்து "போனால் போகிறது" என்று விட்டவர்கள் மறுபடி யோசிக்கலாம்.

அப்புறம், இல்லாத சலுகைகள். டோல்கேட்டில் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டிச் சண்டை போடாதீர்கள், டோல் விலக்கு தரும் 1901-ஆம் வருஷச் சட்டம் பணியில் இருப்பவர்களுக்கானது, ஓய்வு பெற்றவர்களுக்கு விலக்கு இல்லை. ரயிலிலும் சாதாரண முன்னாள் படைவீரருக்குக் கட்டணச் சலுகை கிடையாது, பரம் வீர் சக்ரா, வீர் சக்ரா போன்ற வீரதீர விருது பெற்றவர்களுக்குத்தான் தனி ஏற்பாடு. சில விமான நிறுவனங்கள் படைவீரர் கட்டணம் என்று கொடுக்கின்றன, ஓய்வு பெற்றவர்களும் எடுக்கலாம், விமான நிலையத்தில் அசல் அட்டையைக் கேட்பார்கள், போனில் படம் காட்டினால் நடக்காது.

படம் என்றதும் இன்னொன்று: அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். "நான் மிலிட்டரி, மாற்றலாகிப் போகிறேன், பைக்கை மலிவாகத் தருகிறேன்" என்று இணையத்தில் ஏமாற்றுகிறவர்கள் காட்டுவது இப்படிக் கிடைத்த கார்டுகளைத்தான். ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம் என்று ஓ.டி.பி. கேட்டால் போனை வையுங்கள். கார்டு தொலைந்தால் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகார் பதிந்து அந்த ரசீதோடு போனால் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். சிப் உள்ள கார்டுகளை லேமினேஷன் போட்டுக் கெடுக்காதீர்கள், ஒருவர் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டியே வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பைல் வாங்கி டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஸ்பர்ஷ் நோட்டு, கார்டுகளின் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் அதில் போட்டு, பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டுங்கள். "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு" என்று முகம் சுளிப்பாங்க, என் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் குடும்ப பென்ஷன், விதவை அடையாள அட்டை, அவங்க பேரில் புது இ.சி.எச்.எஸ். கார்டு, கேன்டீன் கார்டு என்று நாலுக்கும் அவங்கதான் நடக்க வேண்டியிருக்கும், நாலுக்கும் அந்தப் பைல்தான் வேண்டும். என் பைலின் முதல் தாளில் மாவட்ட அலுவலகத்துக்கு எந்த பஸ், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறேன்.